கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு தொகுதி

சர்க்கரை ஆலையின் சிமென்ட் குதிர் ஒன்று சாலையோரம் தனியாக நின்றது. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் ‘கடல் மட்டம்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். எங்கள் கார் ஓடிக்கொண்டிருந்த சாலை அந்தக் கோட்டுக்குப் பல ஆள் ஆழம் கீழே கிடந்தது.

“கடல் உள்ளே வந்துட்டா என்ன ஆகும் மாமா?” என்றார் மாப்பிள்ளை.

“வராது. கொலராடோ ஆறு காலங்காலமா கொண்டுவந்து கொட்டின வண்டல், தெற்கே மேடாகி நிக்குது. அதுதான் கரை.”

முந்தின இரவு படித்ததை ஒப்பித்தேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. வேகத்தை மட்டும் கொஞ்சம் கூட்டினார்.

சான் டியேகோவில் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மிருகக்காட்சிசாலை, கடற்கரை, கோயில், மறுபடி கடற்கரை என்று எல்லாம் முடிந்துவிட்டது. நூலகத்தில் பழைய புத்தகங்களை ஒரு டாலருக்கு விற்கும் அலமாரியில் 1960இல் வெளியான ஒரு சுயசரிதை கண்ணில் பட்டது. ‘காங்கிரஸ்மேன் ஃப்ரம் இந்தியா’ என்று தலைப்பு. காங்கிரஸ்காரர் என்றால் நமக்குக் கதர்ச் சட்டைதான் நினைவுக்கு வரும். அங்கே அது நாடாளுமன்றத்தின் கீழவையில் உட்காருபவரைக் குறிக்கும் சொல். எழுதியவர் தலிப் சிங் சௌந்த். 1957 ஜனவரி முதல் 1963 ஜனவரி வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இருந்தவர். ஆசியாவில் வேர் உள்ள ஒருவர் அந்தச் சபையில் வாக்களிக்கும் உறுப்பினராக நுழைந்தது அவரோடுதான் தொடங்கியது. அவர் நின்று ஜெயித்த 29ஆம் தொகுதி, ரிவர்சைடு, இம்பீரியல் என்ற இரண்டு மாவட்டங்கள் சேர்ந்தது. பரப்பு 11,000 சதுர மைலுக்கு மேல், அதாவது தமிழ்நாட்டில் கிட்டத்தட்டக் கால்வாசி. அதில் பெரும்பகுதி பாலை. நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தது அந்தத் தொகுதிக்குள்தான்.

“ஒரே நாள்ல சுத்திட்டு வந்துடலாமா?” என்று கேட்டதற்கு மாப்பிள்ளை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “விடியக்காலை கிளம்பினா முடியும் மாமா. ஆனா அங்கே பார்க்க என்ன இருக்கு?” என்றார். நியாயமான கேள்விதான்.

சான் டியேகோவிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை முதலில் மலை ஏறுகிறது. நாலாயிரம் அடி ஏறி, அப்புறம் பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிறது. யாரோ கூடை கூடையாகக் கொட்டிவைத்த மாதிரி உருண்டைப் பாறைகள். காது அடைத்துத் திறந்தது. கீழே வந்ததும் மணல், ஓணான் நிறத்தில். அந்த மணல் முடிகிற இடத்தில், கத்தியால் வெட்டிய மாதிரி நேர்கோட்டில், பச்சை தொடங்கியது. லெட்டூஸ், குதிரைமசால், காரட். ஆண்டுக்கு மூன்று அங்குலம்கூட மழை பெய்யாத இடம் இது. அத்தனையும் ஆற்றுத் தண்ணீர். 80 மைல் நீளத்துக்கு வெட்டிய ‘ஆல் அமெரிக்கன்’ கால்வாய் 1940இல் தண்ணீர் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் மெக்சிகோ மண் வழியே சுற்றிவந்த பழைய கால்வாய்தான். அது 1905இல் உடைந்து, கொலராடோ ஆறு ஏறக்குறைய இரண்டு ஆண்டு இந்தப் பள்ளத்துக்குள் கொட்டியது. 1907இல்தான் அடைத்தார்கள். கொட்டிய தண்ணீர் வடக்கே ‘சால்டன் சீ’ என்ற ஏரியாகத் தேங்கி நிற்கிறது. பெயரில் கடல், உண்மையில் ஒரு மதகு உடைப்பு.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் இரண்டு கேள்வி தானாக வரும்: தண்ணீர் எங்கிருந்து, நிலம் யார் பேரில்? முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது கேள்விதான் சௌந்தின் கதை.

அவர் பிறந்தது 1899இல், அமிர்தசரஸ் பக்கம் சஜ்ஜல்வாடி என்ற கிராமத்தில். வீட்டில் பெரியவர்களுக்கு எழுத்தறிவு கிடையாது. ஆனாலும் பிள்ளைகளுக்காக ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். 1920இல் கப்பலேறி எல்லிஸ் தீவு வழியாக அமெரிக்கா வந்தார். வீட்டில் சொல்லிவிட்டு வந்த காரணம் அழகானது: உணவுப் பதப்படுத்தல் படித்துவிட்டு ஊர் திரும்பி மாம்பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை போடப்போகிறேன். பெர்க்லியில் சேர்ந்தார். தங்கியது ஸ்டாக்டன் குருத்வாரா மாணவர்களுக்காக நடத்திய வீட்டில். கோடை விடுமுறைகளில் டின் தொழிற்சாலைகளில் வேலை. அப்புறம் மனம் கணிதத்துக்கே திரும்பியது. 1922இல் எம்.ஏ., 1924இல் டாக்டர் பட்டம். மாம்பழம் அதோடு போயிற்று.

கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் 1925இல் செய்த வேலை, இந்தப் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. இந்தியருக்கு அன்று கிடைத்த வேலை அவ்வளவுதான் என்று கடந்துவிடுகிறார். இரண்டு ஆண்டுக்கு முன், 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்தவர். அது கணக்கில் வரவில்லை.

குடியுரிமைக்குத் தகுதி இல்லையென்றால் கலிபோர்னியாவில் நிலமும் இல்லை. 1913இல் ஒரு சட்டம் அப்படிப்பட்டவர்கள் நிலம் வாங்கக் கூடாது என்றது. 1920இல் அதையே இறுக்கி, குத்தகைக்குக்கூடப் பிடிக்கக் கூடாது என்றார்கள். சட்டம் போட்டது முக்கியமாக ஜப்பானியரைக் குறிவைத்து. சிக்கியது எல்லாரும்.

நம்மூரில் இதற்கு என்ன செய்வார்கள்? அதையேதான் அங்கேயும் செய்தார்கள். பினாமி. வெள்ளைக்கார நண்பர், வக்கீல், வங்கிக்காரர், விளைச்சலை வாங்கும் கம்பெனி என்று யாராவது ஒருவர் பேரில் குத்தகைப் பத்திரம். உழைப்பும் கடனும் சிங்குக்கு, கையெழுத்து மட்டும் இன்னொருவருக்கு. அமெரிக்காவில் பிறந்த குழந்தை பிறப்பிலேயே குடிமகன் என்பதால், தொட்டிலில் கிடக்கும் பிள்ளை பேரில் எழுதியவர்களும் உண்டு. பினாமி என்றாலே அதில் என்ன ஆபத்து என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பேருக்கு இருப்பவன் ஒரு நாள் ‘நிலம் என்னுடையது’ என்பான். சௌந்த் இங்கே வந்த அதே 1925இல், கலிபாட்ரியா பக்கம் ஒரு பஞ்சாபி விவசாயி, தன் லெட்டூஸ் விளைச்சலை எடுத்துக்கொண்ட இரண்டு பேரைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போனார். பள்ளத்தாக்கின் வரலாற்றில் இன்னும் பேசப்படும் வழக்கு அது.

எல் சென்ட்ரோவில் குருத்வாராவுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை. தலைக்குக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். கூட உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்கள், அரிசோனாவுக்குப் போகிற வழியில் இறங்கியவர்கள். 1948இல் சீக்கியர்கள் இந்தக் குருத்வாராவைத் தொடங்கியது, ஜப்பானியரின் பௌத்தக் கோயில் ஒன்றை வாங்கித்தான். அந்த ஜப்பானியர்களை 1942இல் அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்கு ஏற்றிப்போனார்கள். போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஒருவர் விட்டுப்போன இடத்தில் இன்னொருவர் கும்பிடுகிறார். இதையும் பட்டா மாறுதல் என்றுதான் எழுத வேண்டும்.

பக்கத்தில் இருந்த இளம் ஓட்டுநரிடம் சௌந்தைப் பற்றிக் கேட்டேன். யோசித்தார். “எந்த லாரி கம்பெனி?” என்றார். மாப்பிள்ளை சிரிப்பை ரொட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

பரிமாறிய முதியவர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவருக்குச் சொல்ல விருப்பம் வேறு கதையில். தன் மனைவியின் தாத்தா சிங், பாட்டி மெக்சிகோக்காரி, பிள்ளைகளுக்கு ஸ்பானியப் பெயர் என்றார். அது இந்தப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கதை. பஞ்சாபிலிருந்து பெண்கள் வர வழியில்லை, வெள்ளைப் பெண்களை மணக்கப் பெரும்பாலும் அதிகாரிகள் விடவில்லை. பருத்திக் காட்டில் கூட வேலை செய்த மெக்சிகோப் பெண்களை மணந்துகொண்டார்கள். சௌந்தின் திருமணம் அந்த வரிசையில் வராதது. 1928இல் அவர் மணந்த மரியன் கோசா, செக் நாட்டிலிருந்து குடியேறிய ஓவியக் குடும்பத்துப் பெண். குடியுரிமைக்குத் தகுதியற்றவனை மணந்தால் பெண்ணின் குடியுரிமையும் போகும் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. 1931இல்தான் அதை எடுத்தார்கள்.

பிராலியைத் தாண்டும்போது மாட்டுப் பட்டிகளின் வாடை காருக்குள் வந்தது. ஜன்னலை மூடியும் போகவில்லை. சௌந்த் பயிர் செய்த வெஸ்ட்மோர்லண்ட் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கடல் மட்டத்துக்கு 150 அடிக்கும் கீழே, இரண்டாயிரம் பேர் வசிக்கும் ஊர். நெடுஞ்சாலையே ஊரின் கடைத்தெரு. இரண்டு பெட்ரோல் பங்க், பேரீச்சம்பழ ஷேக் விற்கும் ஒரு கடை, அதற்கப்பால் வயல். சௌந்தின் சிலையோ பலகையோ ஏதும் கண்ணில் படவில்லை. கடைக்கார அம்மாளிடம் கேட்கலாம் என்று போனேன். வரிசை நீளமாக இருந்தது. ஷேக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாக இருந்தது. இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

இந்த ஊரில்தான் அவர் லெட்டூஸ் போட்டார், நட்டப்பட்டார். தீவனப் புல் போட்டார். 1930களின் மந்தத்தில் கடனில் மூழ்கினார். மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடு என்று தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்காமல், பல ஆண்டு உழைத்துக் கடனை அடைத்தார். இடையில் 1930இல் ‘மை மதர் இந்தியா’ என்று ஒரு புத்தகம் எழுதினார். கேத்தரின் மேயோ இந்தியாவைச் சேற்றில் புரட்டி எழுதிய புத்தகத்துக்குப் பதில் அது. ஸ்டாக்டன் குருத்வாரா கேட்டுக்கொண்டு எழுதியது. அதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது வேறொன்று. அவர் பேசிக்கொண்டே இருந்தார். மாதர் சங்கம், தேவாலயம், விவசாயிகள் கூட்டம், டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்று எங்கே கூப்பிட்டாலும் போய் இந்தியாவைப் பற்றிப் பேசினார். பகலில் வயல், இரவில் மேடை. வாக்குரிமை இல்லாத ஒரு மனிதர் இருபது ஆண்டு தேர்தல் பிரசாரம் செய்ததாகவே எனக்குப் படுகிறது, அவருக்கே தெரியாமல். இந்த ஊர்க்காரர்கள் அவரை ‘டாக்’ என்றார்கள். இந்தியர் எவரானாலும், சீக்கியரோ முஸ்லிமோ, ‘ஹிந்து’ என்று ஒரே சொல்லால் முடித்துவிடும் ஊரில் தனியாக ஒரு பெயர் வாங்குவது சிறிய காரியமில்லை.

1942இல் அமெரிக்க இந்தியர் சங்கம் ஒன்றை அமைத்துத் தலைவரானார். நியூயார்க்கிலிருந்து ஜே. ஜே. சிங், இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்டு வாஷிங்டன் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ், ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லர் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த மசோதாவில் அதிபர் ட்ரூமன் 1946 ஜூலை 2 அன்று கையெழுத்திட்டார். இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம், ஏற்கெனவே இருப்பவர்கள் குடிமக்கள் ஆகலாம். நூறு பேர்! ஆனால் நிலத்தைச் சொந்தப் பேரில் எழுத அந்தச் சட்டமே போதுமாக இருந்தது. சௌந்த் 1949 டிசம்பர் 16 அன்று குடிமகன் ஆனார். வந்து இருபத்தொன்பது ஆண்டு கழித்து.

உடனே தேர்தலில் நின்றார். 1950இல் வெஸ்ட்மோர்லண்ட் வட்டார நீதிபதி பதவிக்கு ஜெயித்தும்விட்டார். தேர்தல் நாளில் குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று மாவட்ட நிர்வாகம் பதவி தர மறுத்தது. 1952இல் மறுபடி நின்று, மறுபடி ஜெயித்தார். அந்தப் பிரசாரத்தில் நடந்த ஒன்றை அவரே சொல்லியிருக்கிறார். பலர் முன்னால் ஒருவர் நக்கலாகக் கேட்டாராம், நீங்கள் நீதிபதியானால் கோர்ட்டுக்கு வர எங்களுக்குத் தலைப்பாகை நீங்களே தருவீர்களா, நாங்கள் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று. சௌந்த் அப்போது தலைப்பாகையும் கட்டுவதில்லை, தாடியும் இல்லை. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது பற்றித் தனக்குக் கவலையில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம் என்று பதில் சொல்லியிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள் என்று கதை முடிகிறது. சுயசரிதைகளில் எல்லாக் கதையும் இப்படித்தான் முடியும், அதனால் நான் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படித்தேன். நீதிபதியாகி ஊரின் சூதாட்ட விடுதிகளையும் விபசார விடுதிகளையும் ஒடுக்கினார் என்பதில் கழிக்க ஒன்றுமில்லை. பக்கத்தில் உரக்கடையும் நடத்தினார்.

ஊரைத் தாண்டி, சால்டன் ஏரிக்கரையில் பத்து நிமிடம் நின்றோம். மணல் என்று நினைத்துக் கால் வைத்தால் நொறுங்குகிறது. முழுக்க மீன் எலும்பும் கடற்சிப்பித் துகளும். தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது. 2003இல் ஒரு ஒப்பந்தம் போட்டு, இந்தப் பள்ளத்தாக்கின் பாசனத் தண்ணீரில் ஒரு பங்கை சான் டியேகோவுக்குத் திருப்பினார்கள். வயல் வடிகால் குறைய, ஏரியும் குறைந்தது.

“அப்போ நம்ம வீட்டுக் குழாயில வர்றது?” என்றார் மாப்பிள்ளை.

“இதுதான்.”

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு காருக்குத் திரும்பினார். எதிர்க்கரையில் பாம்பே பீச் என்று ஒரு ஊர் இருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை.

ஏரியின் வடக்கு முனையைத் தாண்டினால் பேரீச்சந்தோப்புகள். கோசெல்லா பள்ளத்தாக்கு. தெர்மல் என்ற இடத்தில் ஒரு விமானநிலையம். அதுவும் கடல் மட்டத்துக்கு 115 அடி கீழே. தனியார் ஜெட் விமானங்கள் வரிசையாக வெயிலில் மின்னின. நுழைவாயிலில் பெயர்: ஜாக்குலின் காக்ரன் வட்டார விமானநிலையம். மாப்பிள்ளையை நிறுத்தச் சொன்னேன். நான் தேடிவந்தவரின் எதிர்வேட்பாளர் இவர்தான்.

1956இல் தொகுதி உறுப்பினர் ஓய்வுபெற, ஜனநாயகக் கட்சி சார்பில் சௌந்த் நின்றார். முதலில் சொந்தக் கட்சிக்குள்ளேயே ஒரு வக்கீல் நீதிமன்றம் போனார். சபை உறுப்பினர் ஆக ஏழாண்டு குடிமகனாக இருந்திருக்க வேண்டும், இவருக்கு அது நிறையவில்லை என்று. கணக்கு வாத்தியாரிடம் கணக்குக் காட்டியது போலாயிற்று. ஏழாண்டு 1956 டிசம்பர் 16 அன்று நிறைகிறது. சபை கூடுவது 1957 ஜனவரி 3 அன்று. நடுவே 18 நாள் மிச்சம். வழக்கு நிற்கவில்லை.

குடியரசுக் கட்சி நிறுத்தியது காக்ரனை. ஃபுளோரிடாவில் வறுமையில் பிறந்து, அழகுசாதனக் கம்பெனி தொடங்கி, விமானம் ஓட்டக் கற்று, இரண்டாம் உலகப் போரில் பெண் விமானிகள் படையை நடத்தியவர். 1953 மே மாதம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்த முதல் பெண். கணவர் ஃபிளாய்ட் ஓட்லம் பெரிய நிதி முதலாளி. இண்டியோவில் அவர்கள் பண்ணை. அதிபர் ஐசன்ஹோவர் குடும்ப நண்பர். தானே விமானத்தை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக இறங்கிப் பிரசாரம் செய்தார். எதிரே உரக்கடைக்காரர், மனைவி மக்களோடு வீடு வீடாகக் கதவைத் தட்டினார். நாட்டின் பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல தீனி வேண்டுமா? இருவரையும் நினைக்கும்போது எனக்கு ஒருவர் பக்கம் மட்டும் சாய முடியவில்லை. இரண்டு பேருமே அந்தக் காலத்து அமெரிக்கா ‘உன் இடம் இதுவல்ல’ என்று சொல்லியிருந்த இடத்துக்கு வந்து நின்றவர்கள்.

1956 நவம்பர் 6. ஐசன்ஹோவர் பெரும் வெற்றி பெற்று மறுபடி அதிபரானார். அந்த அலையில் அவருடைய தோழி, மூவாயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார்.

அன்றைய வாக்குச்சீட்டில் இன்னொன்றும் இருந்தது. கலிபோர்னியாவில் சட்டங்களைப் பற்றி மக்களிடமே நேரடியாகக் கேள்வி கேட்டு வாக்குப் போடச் சொல்லும் வழக்கம் உண்டு. அந்த நவம்பரில் 13ஆம் எண் கேள்வி, அந்நியர் நிலச் சட்டத்தை ஏட்டிலிருந்து நீக்கலாமா என்பது. மாநில உச்ச நீதிமன்றம் 1952இலேயே அந்தச் சட்டம் செல்லாது என்று சொல்லியிருந்தது. ஆனாலும் எழுத்து அப்படியே கிடந்தது. மக்கள் நீக்கலாம் என்றார்கள். ஆக, இம்பீரியல் மாவட்டத்தில் ஒரு வாக்காளர் ஒரே அறையில், ஒரே சீட்டில், சௌந்துக்கு ஒரு குறியும், சௌந்த் தன் வாலிபம் முழுக்க இன்னொருவர் பெயரை நம்பிப் பயிர் செய்யக் காரணமான சட்டத்தை ஒழிக்க ஒரு குறியும் போட்டிருக்க முடியும். வருவாய்த் துறைக்காரனுக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. விமானநிலைய வாசலில் நின்று மாப்பிள்ளைக்கு இதை விளக்கினேன். அவர் முதல்முறையாகக் கைப்பேசியைக் கீழே வைத்தார்.

சபையில் புதியவருக்கு வழக்கமாகக் கிடைக்காத வெளியுறவுக் குழுவில் இடம் கொடுத்தார்கள். 1957இல் சிவில் உரிமைச் சட்டத்துக்கு, அதாவது கறுப்பர்களின் வாக்குரிமையைக் காக்கும் மசோதாவுக்கு, ஆதரவாக வாக்களித்தார். அதே ஆண்டு இறுதியில் ஆசிய நாடுகளுக்கு ஒரு சுற்றுப்பயணம். லிட்டில் ராக் பள்ளிக்கூட வாசலில் கறுப்பினப் பிள்ளைகளை மறித்த படங்கள் உலகமெங்கும் போயிருந்த நேரம் அது. ஆசியாவில் அமெரிக்கா தலைகுனிந்திருந்தபோது, ‘இதோ பாருங்கள், எங்கள் நாட்டில் ஒரு இந்தியர்கூட’ என்று காட்ட ஓர் ஆள் கிடைத்தார். அவரும் மனப்பூர்வமாகத்தான் போனார், பேசினார். முப்பத்தேழு ஆண்டு கழித்துச் சொந்த ஊரில் மாலையோடு இறங்கியபோது கண் கலங்கியிருக்கும், அதில் பொய்யில்லை. ஆனால் அவரை அனுப்பிய நாடு, இருபத்தாறு ஆண்டு அவரைக் குடிமகனாக்க மறுத்த நாடும்கூட. அந்தப் பாதியை அவர் மேடைகளில் மெதுவாகத்தான் சொன்னார். அரசியல்வாதிக்கு அது சாமர்த்தியம். சுயசரிதையில் நான் இன்னும் கொஞ்சம் காரம் எதிர்பார்த்தேன். கிடைக்கவில்லை.

அவர் வாஷிங்டனில் இருந்த ஆண்டுகளில் இந்த வயல்களில் வேலை செய்தது பிராசெரோக்கள், ஒப்பந்தத்தில் மெக்சிகோவிலிருந்து வந்துபோன கூலிகள். 1942 முதல் 1964 வரை அந்தத் திட்டம் ஓடியது. எல் சென்ட்ரோவில் அவர்களை இறக்கிப் பிரித்து அனுப்பும் மையம் இருந்தது. ஒரு காலத்து மேஸ்திரியின் தொகுதியில் மேஸ்திரிகளுக்குப் பஞ்சமில்லை.

1958இலும் 1960இலும் சுலபமாக ஜெயித்தார். 1962 மே மாதம் வாஷிங்டனுக்குப் போகும் விமானத்தில் பக்கவாதம் தாக்கியது. நடை போயிற்று. பேச்சும் போயிற்று. அந்த நவம்பரில் படுக்கையில் இருந்தபடியே தோற்றார். பேசியே ஒரு தொகுதியைச் சம்பாதித்த மனிதர், அதன்பின் பதினோரு ஆண்டு, பேச்சின்றி வாழ்ந்து 1973 ஏப்ரல் 22 அன்று இறந்தார். புத்தகம் 1960இலேயே முடிந்துவிடுவதால் இதை நான் வேறிடத்தில் படிக்க வேண்டியிருந்தது.

அவருக்குப் பின் ஓர் இந்திய வம்சாவளியினர் அந்தச் சபைக்குள் போக 2005 வரை ஆயிற்று. பாபி ஜிண்டால் போனார். நாற்பத்திரண்டு ஆண்டு இடைவெளி. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும், தமிழ்க் குடும்பத்து ராஜா கிருஷ்ணமூர்த்தியும் 2017இல் ஒரே நாளில் உறுதிமொழி எடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு இந்த இரண்டு பேரையும் தெரியும். சௌந்தைத் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன செய்ய, ஆறு வாரத்துக்கு முன் எனக்கும் தெரியாது.

மாலை வெயிலில் பாம் டெஸர்ட்டிலிருந்து மலைப்பாதை ஏறினோம். பேரீச்சையில் தொடங்கி ஊசியிலை மரங்களில் முடியும் பாதை. கடல் மட்டத்தை அதற்கு முன்பே கடந்திருந்தோம், எங்கே என்று கவனிக்கத் தவறிவிட்டேன். டெமெகுலா வந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். திராட்சைத் தோட்டங்களும் புது வீடுகளுமாக இருக்கும் ஊர் இது. ரிவர்சைடு மாவட்டம், அதாவது பழைய 29ஆம் தொகுதிதான். ராஞ்சோ கலிபோர்னியா சாலையில் ஓர் அஞ்சலகம். 2005இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதற்கு வைத்த பெயர்: தலிப் சிங் சௌந்த் அஞ்சலகக் கட்டடம். இரண்டு ஆண்டு கழித்து வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் அவர் உருவப்படத்தைத் திறந்தார்கள். அவர் உழுத பள்ளத்தாக்கிலிருந்து டெமெகுலாவுக்கு நடுவே ஒரு மலைத்தொடரே இருக்கிறது.

ஞாயிறு இரவு, கதவு சாத்தியிருந்தது. வெளியே தபால் பெட்டி இருந்தது. எல் சென்ட்ரோவில் வாங்கிய பட அட்டையில், என்னோடு நில அளவைப் பிரிவில் வேலை பார்த்த நண்பருக்கு நாலு வரி எழுதினேன். சர்வதேசத் தபால்தலையை மாப்பிள்ளை தன் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார், எதற்காக வைத்திருந்தாரோ. அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்பினோம்.

அட்டை நண்பர் கைக்குப் போக இருபத்திரண்டு நாள் ஆயிற்று. ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போய் முதலில் முத்திரையைத்தான் பார்த்தேன். தபால்களை வகை பிரிக்கும் வட்டார மையத்தின் பெயர் இருந்தது.